சக்கரம் எந்தப் பக்கம்

எண் ஏறியதைத்தான் முதலில் பார்த்தேன். நொடிக்கு நாற்பது, நாற்பத்திரண்டு என்று சாதுவாக ஓடிக்கொண்டிருந்த எண், கண் மூடித் திறப்பதற்குள் ஆறு இலக்கமாகிவிட்டது. அடுத்த வரியில் பூஜ்யம். அதற்கடுத்த வரியிலும் பூஜ்யம். கையில் டீ டம்ளர் இருந்தது. விரல் சுட்டபோதுதான் அது கையில் இருப்பதே தெரிந்தது.

“சார்,” என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த என் ஆராய்ச்சி மாணவி. “டிடெக்டர் அணைஞ்சிடுச்சி சார்.”

தெரிகிறது என்று தலையாட்டினேன். காலை பத்தரை மணி. ஏனாத்தூரில் எங்கள் கல்லூரியின் இரண்டாம் மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் தலைக்கு மேலே எங்கோ, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தொலைநோக்கியில், எங்கள் ஒன்பது வருட உழைப்பு கண்ணை மூடிக்கொண்டுவிட்டது.

நடந்தது என்னவென்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்தத் தொலைநோக்கியில் பல ஊர்க்காரர்கள் செய்த பல கருவிகள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பொறுப்பு எங்கள் குழுவுடையது. விண்மீன்களின் புற ஊதா ஒளியை ஒவ்வொரு துளியாக எண்ணும் டிடெக்டர் அது. மங்கலான ஒளிக்கென்றே செய்தது. பிரகாசமான விண்மீன் அதன் முன்னால் வந்துவிட்டால், கருட சேவைக்கு வருகிற கூட்டமெல்லாம் ஒரு வீட்டு வாசல் கதவுக்குள் நுழைகிற கதைதான், கதவு பெயர்ந்துவிடும். மேலே போய்ச் சரிசெய்ய ஆளும் கிடையாது, வழியும் கிடையாது.

அதனால் ராக்கெட் மேலே போன பிறகு, கருவியை எழுப்புவதே ஒரு பெரிய சடங்கு. உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் வெளியேற, பல வாரம் சும்மா காய விடுவோம். பிறகு ஹை வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றுவோம். ஒவ்வொரு படியிலும் நின்று, எண்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்போம். கடைசியில்தான் மூடியைத் திறப்போம். அந்த நாட்களில் நான் வீட்டில் பேசிய பேச்சையெல்லாம் கேட்டு, பிரசவ வார்டில் வேலை பார்க்கிறீர்களா என்று என் மனைவி கேட்டாள்.

அந்தச் சடங்கில் என் பங்கு ஓர் அட்டவணை. எங்கள் டிடெக்டர் தொலைநோக்கியின் நடுவில் இல்லை, ஓரமாக இருக்கிறது. தொலைநோக்கி ஓர் இடத்தைப் பார்க்கும்போது, இது அதற்குப் பக்கத்துத் துண்டு வானத்தைப் பார்க்கும். எந்தப் பக்கத்துத் துண்டு என்று எழுதிக் கொடுப்பதுதான் அட்டவணை. அந்தத் துண்டில் பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே தொலைநோக்கியை அங்கே திருப்புவார்கள். டிடெக்டர் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கட்டம் போட்ட தாளில் வரைந்த வரைபடத்தை அதன் தயாரிப்பாளர்கள் அனுப்பினார்கள். அதைப் பார்த்து நான் அட்டவணை போட்டேன். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல், வேறு தாளில் தனியாகப் போட்டு ஒப்பிட வேண்டும் என்பது விதி. மாணவி தனியாகப் போட்டாள். இரண்டும் எண்ணுக்கு எண் ஒத்துப்போயின. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அவள் ஐயம்பேட்டைப் பெண். அப்பா பட்டு நெசவு. நானும் நெசவு வீட்டுப் பிள்ளைதான். என் அண்ணன் இன்றைக்கும் தறியில் உட்காருகிறார். நானும் அவளும் சின்ன வயதில் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போட்டவர்கள். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக இருக்கும் டிசைனைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டால், அந்த ஓட்டைகளின்படி தறி நூலைத் தூக்கும். எங்கள் குழுவில் கட்டம் போட்ட தாளை எங்களைவிட வேகமாகப் படிக்கிறவர்கள் கிடையாது. இதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

மூடி திறந்து முதல் படம் வந்த நாளில் எல்லோரும் கைதட்டினோம். படத்தில் மூன்று விண்மீன்கள் இருந்தன. அவை அந்தத் துண்டு வானத்துக்கான பட்டியலில் உள்ள விண்மீன்களோடு உடனே ஒட்டவில்லை. நான் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன், கொஞ்சம் திருப்பினேன். ஒட்டிவிட்டது. “பாத்தியா!” என்றேன்.

அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். “மூணு புள்ளிதான் சார் இருக்குது. பட்டியல்ல நாப்பது இருக்குது. எப்படித் திருப்பினாலும் எதோடயாவது ஒட்டும் சார். இன்னொரு எடத்தையும் பாத்துட்டு அப்புறம் எழுதலாமா?”

“சந்தேகப்படறதுக்குன்னே பொறந்தியாம்மா நீ?” என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று மாலை, குழுவில் எல்லோரும் கணினியில் எழுதிவைக்கும் பதிவேடான லாக்கில் ஒரு வரி எழுதியிருந்தாள்: மூன்று புள்ளிகள் மட்டுமே, பொருத்தம் உறுதியில்லை, இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். அதைப் பார்த்து எனக்குச் சுருக்கென்றது. பதில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் தொலைநோக்கியை இரண்டாவது இடத்துக்குத் திருப்பினார்கள். அன்றுதான் அந்த எண் ஏறியது.

நல்லவேளையாக, டிடெக்டர் ஆபத்தை உணர்ந்து தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்குள் எவ்வளவு கெட்டது என்று யாருக்கும் தெரியாது. திரும்பவும் வோல்டேஜ் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். காரணம் தெரியாமல் ஏற்றக் கூடாது.

பக்கத்து மாநிலத்தில் இருக்கும் எங்கள் குழுத் தலைவி அன்று மதியமே அழைத்தார். அதிகம் பேசாதவர். “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டார்.

“விண்கலம் குறி தவறியிருக்கணும் மேடம். எங்க பக்கம் எல்லாம் சரி,” என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள். ஒன்றையும் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். என் பேச்சை நம்பி, விண்கலத்தைத் திருப்புகிற பிரிவினர் மூன்று நாள் தங்கள் கணக்கையெல்லாம் தோண்டினார்கள். அவர்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை என்று வந்தபோது, இன்னும் நன்றாகத் தேடச் சொன்னேன். கோபமாகவே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மனசு சரியில்லாமல் சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தறியில் நெய்யவில்லை. நெய்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழையாக உருவி எடுக்கிற வேலை, பார்க்கிறவர்களுக்கே பல் கூசும்.

“இன்னாடா மூஞ்சி இப்படி இருக்குது?” என்றார்.

“உனக்கு மட்டும் நல்லா இருக்குதா? எதுக்கு பிரிக்கிற?”

“அத்த ஏன் கேக்கற. பெருமாளுக்குச் சாத்தற வஸ்திரம். டிசைன யாரோ வெளியூர்க்காரன் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தான். அட்டைய மாட்டி நானும் பாட்டுக்கு நெய்ஞ்சிக்கினு இருக்கறேன். உங்க அண்ணி கீழ உழுந்த குச்சிய எடுக்கக் குனிஞ்சவ, அடியிலேர்ந்து மேல பாத்துட்டுக் கத்தறா, பெருமாளுக்குச் சக்கரம் கை மாறிப்போச்சின்னு.”

பெருமாளுக்குச் சக்கரம் வலது கையில். எதிரே நின்று கும்பிடுகிற நமக்கு அது இடது பக்கமாகத் தெரியும். தறிக்குப் பக்கத்தில் கிடந்த கிராஃப் தாளை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் சக்கரம், நடுவில் நாமம், வலது பக்கம் சங்கு.

“இதுல சரியாத்தானே இருக்குது?” என்றேன்.

“அதான்டா தப்பு! நாம துணியோட முதுகப் பாத்துத்தான நெய்யறோம்? நல்ல பக்கம் அடியில இருக்குது. கிராஃப்பு மாறி இருந்தாத்தான் துணி சரியா வரும். நம்மூர் ஆளுங்க மாத்திப் போட்டுத்தான் குடுப்பாங்க. இவன் கும்புடறவங்க பக்கத்துலேர்ந்து பாத்துப் போட்டுட்டான். நானும் எந்தப் பக்கம்னு கேக்கல. இதப் போயி ஒருத்தன கேப்பாங்களா?”

எங்கள் டிடெக்டரின் வரைபடமும் கட்டம் போட்ட தாள்தான். அண்ணி காபி எடுத்துக்கொண்டு வந்தாள். “எந்தப் பக்கம்” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். அண்ணி பிறகு சொன்னாள். காபியைக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

தயாரிப்பாளர்களின் வரைபடத்தைத் திறந்தேன். நான்கு மூலையும் தேடினேன். டிடெக்டரை முன்னாலிருந்து பார்த்து வரைந்ததா, பின்னாலிருந்து பார்த்து வரைந்ததா என்று எங்கேயும் எழுதவில்லை. வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருப்பான். எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. கட்டம் போட்ட தாள் என்றால் அது முதுகுப் பக்கம்தான் என்று என் கை முடிவு செய்துவிட்டது. இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கி எழுதிவிட்டேன். தனித் தாளில், என்னைப் பார்க்காமல், தானாகவே செய்து பார்த்த என் மாணவியும் அதையேதான் செய்திருக்கிறாள். அவள் கையும் ஐயம்பேட்டைத் தறியில் பழகிய கைதானே. இரண்டு பேர் சரிபார்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆள் இரண்டு தடவை பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

தயாரிப்பாளர்களுக்கு எழுதினேன். முன்னாலிருந்து பார்த்து வரைந்தது, வழக்கம்போல, என்று மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது. அட்டவணையை மாற்றிப் போட்டு, நாங்கள் சோதிக்காமல் விட்ட எதிர்ப்பக்கத்துத் துண்டு வானத்தைப் பார்த்தேன். நட்ட நடுவே ஒரு விண்மீன். பட்டியலில் இருப்பது, பெயருள்ளது, வெறுங்கண்ணுக்கே தெரிவது. முதல் இடத்தில் அப்படி எதுவும் இல்லாததால் தப்பினோம்; இரண்டாவது இடத்தில் டிடெக்டரை அதன் முகத்துக்கு நேரே நிறுத்தியிருக்கிறோம். நான் நிறுத்தியிருக்கிறேன்.

மாணவிக்கு போன் செய்தேன். வரைபடம் முதல் விண்மீன் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

“கேக்குதாம்மா?”

“கேக்குது சார். சனிக்கெழமையே கண்டுபுடிச்சிட்டேன் சார்.”

“ஏம்மா சொல்லல?”

“நீங்க விண்கலந்தான், விண்கலந்தான்னு கத்திக்கினு இருந்தீங்க சார்.”

அடுத்த நாள் கூட்டம். எங்கள் அறையில் நானும் அவளும், திரையில் தலைவி. அட்டவணை இடம் வலமாக மாறிவிட்டது என்று நானே சொன்னேன். அதுவரைக்கும் யோக்கியன்தான். அவர் கேட்டார்: “இன்னொருவர் சரிபார்க்கவில்லையா?”

“பாத்தோம் மேடம். ரெண்டு பேரும் தனித்தனியா பாத்துத்தான் கையெழுத்துப் போட்டோம்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் சொல்லி முடித்ததுமே, பாதிச் சுமையை அவள் தலையில் ஏற்றி வைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய ஆராய்ச்சிப் பட்டம் முழுக்க அந்த டிடெக்டர் எடுக்கப்போகும் படங்களை நம்பியிருந்தது. அதைக் கெடுத்தவள் என்ற பெயரும் சேர்ந்தால், அடுத்து யார் வேலைக்கு எடுப்பார்கள்?

தலைவி இன்னொன்று கேட்டார். “முதல் படம் வந்தபோது யாருக்குமே சந்தேகம் வரவில்லையா?”

இப்போது சொல் என்று என் மனது சொன்னது. அவள் சொன்னாள், நான்தான் சிரித்தேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“இல்ல மேடம்,” என்றாள்.

தலைவி சரி என்று சொல்லித் திரையை அணைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நான் இப்படிப்பட்டவன் என்று முதல்முறையாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்?

லாக்கைத் திறந்தேன். அவளுடைய அந்த வரியைத் தலைவிக்கு அனுப்பிவிடலாம், என் வாயால் சொல்ல முடியாததை அந்த வரி சொல்லட்டும் என்று நினைத்தேன். கோழைக்குத் தோன்றுகிற யோசனைதான். முதல் படம் வந்த நாளுக்குப் போனேன். அந்த வரி அங்கே இல்லை.

“நீ ஒரு வரி எழுதியிருந்தியே, எங்கம்மா?”

“இன்னிக்குக் காலையில எடுத்துட்டேன் சார்.”

அவளுக்குச் சாதகமாக இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. “ஏன்?” என்றேன். என்னைக் காப்பாற்ற என்று சொல்லப்போகிறாள், குருபக்தி என்று சொல்லப்போகிறாள் என்றெல்லாம் ஒரு நொடி நினைத்தேன். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

“அது இருந்தா உங்களத்தான சார் கேப்பாங்க? கேட்டா உங்களுக்குக் கோவம் வரும். எனக்கு உங்ககிட்ட இன்னும் ரெண்டு வருசம் இருக்குது சார்.”

குரலை உயர்த்தவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் பிள்ளைகளிடம் கலகலப்பாகப் பழகுகிறவன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் கிண்டல் செய்வேன், சத்தம் போடுவேன், அடுத்த நிமிடம் மறந்துவிடுவேன். மறந்தது நான் மட்டும்தான் போலிருக்கிறது.

அவள் எதிரிலேயே தலைவிக்கு போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டேன். முதல் படத்தன்றே இவள் சந்தேகப்பட்டாள், லாக்கில் எழுதினாள், நான் கிண்டல் செய்து வாயை அடைத்தேன், இன்று காலை எனக்குப் பயந்து அந்த வரியை எடுத்துவிட்டாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“தெரியும்,” என்றார் தலைவி. “லாக்கில் அழித்தது எதுவும் அழியாது. எங்கள் பக்கம் அப்படியே இருக்கும். கூட்டத்தில் கேள்வி கேட்டதே அதைப் படித்துவிட்டுத்தான். நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்தேன்.”

அவரே தொடர்ந்தார்.

“அழித்ததற்கு அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும். உங்களுக்கு அதைவிடப் பெரிதாக வரும். அந்த வரியை அவர் கையாலேயே திரும்பப் போடச் சொல்லுங்கள். லாக் சரியாக இருந்தால்தான் வோல்டேஜ் ஏற்ற விடுவேன்.”

அவள் அன்றே போட்டுவிட்டாள். போட்டுவிட்டேன் சார் என்று சொன்னாள். எனக்கு அதைத் திறந்து பார்க்கிற துணிச்சல் இல்லை.

பன்னிரண்டு நாள் வோல்டேஜை ஏற்றினோம். ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் நிறுத்தினோம். நான் அந்த நாட்களில் யாரையும் கிண்டல் செய்யவில்லை. உடம்பு சரியில்லையா என்று பியூன் கேட்டார். பதின்மூன்றாம் நாள் காலை மூடியைத் திறந்து, சரியான பக்கத்தில், சோதித்துப் பார்த்த வானத்தில் ஒரு படம் எடுத்தார்கள்.

டிடெக்டர் பிழைத்துவிட்டது. ஏழு விண்மீன்கள் தெரிந்தன. ஓரத்தில், மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி இருந்தது. அந்த இடம் செத்துவிட்டது. இனிமேல் அந்தத் தொலைநோக்கி உயிரோடு இருக்கிற வரைக்கும், எங்கள் கருவி எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் அது இருக்கும். யார் எந்த நாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் தெரியும்.

கரும்புள்ளியின் அளவை லாக்கில் எழுதத் திறந்தேன். அன்றைக்குத்தான் அந்த வரியைப் படித்தேன். பழைய வரி எழுத்து மாறாமல் இருந்தது. கீழே புதிதாக ஒன்று சேர்த்திருந்தாள்.

இதை ஒருமுறை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டாம் முறை சொல்லப் பயமாக இருந்தது.

அவள் பக்கத்து நாற்காலியில் புதுப் படத்தைப் பட்டியலோடு வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒட்டுதாம்மா?” என்றேன்.

“ஒட்டுது சார்.” என் முகத்தைப் பார்த்தாள். “ஆனா ஏழு புள்ளிதான் சார். இன்னொரு எடத்தையும் பாத்துட்டு எழுதலாம் சார்.” பயம் போயிருக்கவில்லை. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தாள்.

“சரிம்மா,” என்றேன். லாக்கை மூடிவிட்டேன். அன்று எதுவும் எழுதவில்லை.